நான் உட்கார்ந்தால் அவளும் உட்கார்ந்துவிடுகிறாள்

புக்கிட் பெலண்டோக்,
புதன்கிழமை.

அன்பு மகன் புனிதனுக்கு, அம்மா எழுதுவது. முருகன் துணையில் நீ அங்கே மிரியில் நல்லபடியாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே மூன்று பேரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைப் பிடித்தேன், அந்த ஒரு வார்த்தையை எழுத மட்டும் கை வரமாட்டேன் என்கிறது, அதனால் அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் ஓகேமா, ஓகேமா, மீட்டிங் இருக்கு லா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பாதியில் வைத்தாலும் மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து இது, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசும்போது சார்ஜர் கீழே விழுந்துவிட்டது என்று குனிந்தாயே, அப்போது உன் பின்கழுத்தைப் பார்த்தேன். காலருக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குக் கன்னங்கரேல் என்று ஒரு பட்டை, வெல்வெட் துணியை வெட்டி ஒட்டினமாதிரி. அது அழுக்கு இல்லை அய்யா. வெயிலும் இல்லை, செயின் உரசிய தடமும் இல்லை. அது என்ன என்று எனக்கு இப்போது தெரியும், தெரிந்ததனால்தான் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் தங்கச்சி லோஷினியும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அவளும் பார்த்துவிட்டாள். நீ போனை வைத்ததும், அம்மா, அண்ணனுக்கும் இருக்கும்மா என்றாள், எழுந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணனுக்கும் என்று அவள் ஏன் சொன்னாள் என்று உனக்குப் புரியாது, ஏனென்றால் உன்னிடம் நாங்கள் மறைத்துவிட்டோம். கோபப்படாதே. மூன்று மாதத்துக்கு முன்னால் லோஷினி நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நீ புது வேலையில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, இந்தச் செய்தியைக் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டுப் பிளேன் ஏறிவிடுவாய் என்று நான்தான் யாரும் சொல்லக்கூடாது என்று அப்பாவிடமும் அவளிடமும் சத்தியம் வாங்கினேன். நீ போன் செய்தபோதெல்லாம் அவள் டியூஷனுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சுகர் வந்துவிட்டது புனிதா. கிழவர்களுக்கு வரும் அதே சுகர், உன் அப்பாவுக்கு இரண்டு கால்விரலை வாங்கிக்கொண்டு போனதே அதே சுகர்.

எப்படி வந்தது என்று கேட்பாய். வரும்போது அது சொல்லாமல் வரவில்லை, சொல்லிச் சொல்லித்தான் வந்தது, எனக்குத்தான் காது இல்லாமல் போயிற்று. போன வருஷம் தீபாவளிக்குத் தாவணி கட்டிவிடும்போது அவள் கழுத்தில் கருப்பாகப் பார்த்தேன். பொம்பளப் புள்ள கழுத்தா இது, குளிக்கிறியா இல்ல தண்ணிய காட்டிட்டு வர்றியா என்று கத்தினேன். பயத்த மாவும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்துத் தேய்த்தேன், தோல் சிவந்து நீர் கசிந்தது, வலிக்குதும்மா, வலிக்குதும்மா என்று அவள் அழுதாள், அழுக்கு இருந்தா வலிக்கத்தான் செய்யும் என்று சொன்னேன். அந்தப் பாவத்தை எந்தக் கோயிலில் போய்க் கழுவுவேன் என்று தெரியவில்லை. அப்புறம் தண்ணீர், தண்ணீர் என்று குடிக்க ஆரம்பித்தாள், தூக்கத்தில் நாலு தடவை எழுந்து பாத்ரூம் போனாள். பாவம் வெயில் பிள்ளையை வாட்டுகிறது என்று நானே இனிப்புச் சீரப் கரைத்து ஐஸ் போட்டுத் தினமும் இரண்டு கிளாஸ் கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன் அய்யா. ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது அப்படியே மடங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்தால் ஆறு ஏழுக்குள் இருக்க வேண்டிய சுகர் பத்தொன்பது. அப்பாவுக்கு விரல் எடுத்த அன்றைக்குக்கூடப் பதினேழுதான் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு டாக்டர் வந்தாள், சின்னப் பெண், மலாய்க்காரப் பிள்ளை, நல்ல தன்மையானவள். லோஷினியின் கழுத்தைப் பார்த்துவிட்டு, இது எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டாள். அழுக்கு டாக்டர், தேய்த்தும் போகவில்லை என்றேன். அவள் மெதுவாக, இது அழுக்கு இல்லை அம்மா, உடம்புக்குள் சுகர் சரியாக வேலை செய்யவில்லை என்றால் சில பேருக்குக் கழுத்தில் இப்படிக் காட்டும் என்றாள். அப்புறம் ஒரு ஃபாரம் கொடுத்து லோஷினியை நிரப்பச் சொன்னாள். வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறாய், ஓடுகிறாய், விளையாடுகிறாய் என்று ஒரு கட்டம். அம்மா எத்தனை நாள், அப்பா எத்தனை நாள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை நாள் என்று அதற்குக் கீழே. உன் தங்கச்சி யோசிக்கக்கூட இல்லை. அம்மா சைபர், அப்பா சைபர், அண்ணன் சைபர், நான் சைபர் என்று நாலு கட்டத்திலும் முட்டை முட்டையாகப் போட்டுக் கொடுத்துவிட்டாள். எனக்கு மானம் போயிற்று. அம்மா வீட்டு வேலை செய்றேன்னு எழுதுடி என்று காதில் சொன்னேன். நீ மிஷின்ல உக்காந்து தைக்கிறே, துணி துவைக்க மிஷின், கடைக்குப் போக மோட்டார்சைக்கிள், எதை எழுதட்டும் என்று திருப்பிக் கேட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. பெரியவர்கள் நடமாடுகிற வீட்டில் பிள்ளைகளும் நடமாடுவதைப் பார்க்கிறேன், பெரியவர்கள் உட்கார்ந்த வீட்டில் பிள்ளைகளும் உட்கார்ந்துவிடுகிறார்கள், எல்லா வீட்டிலும் அப்படி என்று சொல்லமாட்டேன், ஆனால் நிறையப் பார்க்கிறேன் என்றாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று லோபாக்கில் கல்யாணத்துக்குப் போனபோது சொந்தக்காரர்கள் சொன்னார்கள், அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே வார்த்தை வேறுமாதிரி ஞாபகம் வந்தது.

நான் ஏன் இப்படி வளர்த்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நான் பதினெட்டு வருஷம் ரப்பர் மரம் சீவினவள். விடிவதற்கு முன்னால் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்று, வேலை வாங்கும் மண்டோரிடம் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். பிறகு தோளில் காண்டாக் கம்பை வைத்து இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோர் வரைக்கும் மேடும் பள்ளமும் நடை. அட்டை கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. நடக்கிறவன் கூலி, உட்கார்ந்து கணக்கெழுதுகிறவன் கிராணி, அதுதான் தோட்டத்தில் நாங்கள் படித்த படிப்பு. என் பிள்ளைகள் இந்தச் செம்மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று அப்போதே வைராக்கியம் எடுத்தேன். தோட்டத்தில் நாங்கள் சீவின கித்தா மரத்தை எல்லாம் சாய்த்து செம்பனை போட்டார்கள், நாங்கள் இந்தத் தாமானுக்கு, வரிசை வீட்டுக்கு வந்தோம், அன்றைக்கே நானும் நடையை விட்டேன், உங்களையும் நடக்கவிடவில்லை. பள்ளிக்கூடம் நம் வீட்டிலிருந்து பத்து நிமிஷம், மோட்டாரில் ஏற்றித்தான் கொண்டுபோய் விட்டேன். முட்டை வாங்க முச்சந்திக் கடைக்கும் மோட்டார். பக்கத்து வீட்டு விமலா சாயங்காலம் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு சப்பாத்து போட்டு நடந்துபோவாள், பாரு, வேலைவெட்டி இல்லாதவ ஊரைச் சுத்தி அளக்கிறா என்று நான் பேசாத பேச்சில்லை. அந்தப் பிள்ளைகள் இரண்டும் இன்றைக்கு மான்குட்டிமாதிரி ஓடுகின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. நீ பதினாலு வயதில் படிவம் இரண்டு படிக்கும்போது ஓட்டப்பந்தயத்துக்கு உன்னை ரெம்பாவுக்குக் கூட்டிப்போகப் பள்ளிக்கூடத்தில் பேர் எடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? வெயிலில் ஓடி என் பிள்ளை கறுத்துப்போவதற்கா நான் மரம் சீவினேன் என்று, இவனுக்கு இழுப்பு இருக்கிறது, ஓட விடாதீர்கள் என்று வாத்தியாருக்கு எழுதிக் கொடுத்தேன். உனக்கு எந்த இழுப்பும் இல்லை. நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அப்புறம் மறந்துவிட்டாய், அதற்கப்புறம் ஓடவே இல்லை. லோஷினி பெரிய பள்ளிக்குப் போனதும் அதே கடிதத்தைப் பார்த்து எழுதிப் பேரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். மூன்று வருஷமாக மற்றப் பிள்ளைகள் திடலில் ஆடும்போது இவள் நிழலில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் செய்தது பாசம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாத்திரை, ஊசி, சோற்றை அளந்து வைப்பது எல்லாம் நடக்கிறது. அதோடு தினமும் நடக்கவும் வேண்டும் என்றார்கள். நான் அவளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக்கொடுத்து, நட என்று சொல்லிவிட்டு, தனியாக விட பயமாக இருக்கிறதே என்று பின்னாலேயே மோட்டாரில் மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். வெயிலுக்குக் குடை வேறு பிடித்திருந்தேன். தாமான் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நாலாவது நாள் லோஷினி தார்ரோட்டு ஓரத்தில் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நீ மோட்டார்ல வருவே, நான் மாடு மாதிரி முன்னால நடக்கணுமா, எனக்கு மட்டுந்தான் சீக்கா, போ, நான் வரல என்றாள். கெஞ்சினேன், மிரட்டினேன், அசையவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், அப்பா முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார், நான் மிஷினுக்கு முன்னால் அதேமாதிரி ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன், அவள் சோபாவில் அதே ஒரு காலை மடக்கி போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று பேரும் ஒரே அச்சு. அப்பாவின் காலில் கட்டுப் போட்டிருந்தது. நான் அந்தக் கட்டையும் பார்த்தேன், பிள்ளையின் காலையும் பார்த்தேன்.

மறுநாள் மோட்டார் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நானும் கிளம்பினேன். தாமானைத் தாண்டி செம்பனைக்குள் போகும் செம்மண் பாதையில் போனோம், நான் ஒரு காலத்தில் மரம் சீவின இடம்தான் அது. பதினெட்டு வருஷம் பால் தூக்கினவளுக்கு இது ஒரு மேடா என்று தெம்பாக ஏறினேன். பாதி மேட்டில் நெஞ்சு அடைத்துக்கொண்டது, கண் இருட்டியது, செம்பனை மட்டைக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன். லோஷினி என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, அம்மா, ஏதாச்சும் பேசும்மா என்று அழுதாள். அவள் அப்படி அலறி நான் கேட்டதே இல்லை. மூச்சு வந்ததும் அவளிடம் ஒன்றைச் சொன்னேன், உனக்கும் இப்போதுதான் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கிளினிக்கில் எனக்கும் ரத்தம் பார்த்தார்கள், சுகர் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று நர்ஸ் மிஸி ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள். நான் போகவில்லை. பார்த்தால்தானே சீக்கு, பார்க்காவிட்டால் இல்லை என்று அந்த அட்டையை அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். இதைக் கேட்டதும் அவள் அழுகையை நிறுத்தினாள். நீ ரத்தம் குடுக்கற வரைக்கும் நான் ஊசி போட்டுக்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள், கட்டாயம் கொடுக்கிறேன் என்று நான் முருகன்மேல் சத்தியம் செய்த பிறகுதான் போட்டுக்கொண்டாள். ஐம்பதில் வளையாது என்பார்கள், ஐம்பத்துநாலில் என்னை வளைக்கிறாள் உன் தங்கச்சி.

இப்போது நாற்பது நாளாக இரண்டு பேரும் நடக்கிறோம். அப்பாவும் கம்பை ஊன்றிக்கொண்டு கேட் வரைக்கும் வந்து திரும்புகிறார். முன்பு பாதி மேட்டில் நின்றவள் இப்போது மேட்டைத் தாண்டிவிடுகிறேன். ஆனாலும் நல்ல சேதி என்று நினைத்துவிடாதே. போன வாரம் லோஷினிக்குப் பார்த்தார்கள், குறைந்திருக்கிறது, ஆனால் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. அடுத்த மாதம் கண்ணைப் பார்க்க வேண்டும், கிட்னியைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பதினைந்து வயதுக் கண்ணில் என்ன பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பயம். இன்னொன்று அதைவிடப் பயமாக இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை எனக்குத் தலைவலி, இன்றைக்கு நீ மட்டும் போய்வா கண்ணு என்றேன். கேட்டில் சப்பாத்தோடு நின்றவள் குனிந்து கயிற்றை அவிழ்த்துச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்தால் எழுகிறாள், நான் உட்கார்ந்தால் அவளும் உட்கார்ந்துவிடுகிறாள். என் காலில்தான் அவள் உயிர் நடக்கிறது அய்யா. எனக்கு ஒருநாள் முடியாமல் போனால் என்ன செய்வேன்? தலைவலியோடு எழுந்து போனேன்.

இவளையாவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறேன், கடல் தாண்டி இருக்கும் உன்னை எப்படி இழுப்பேன்? காலையில் காரில் ஏறி ஆபீஸ், ஆபீசில் கம்ப்யூட்டர், மத்தியானம் சாப்பாடு மேசைக்கே வருகிறது, சாயங்காலம் காரில் வீடு, அப்புறம் கேம். நடக்கிறாயா என்று போன மாதம் கேட்டதற்கு, கார் நிறுத்துற இடத்திலேர்ந்து லிப்ட் வரைக்கும் நடக்கிறேன் லா என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். உனக்கு இருபத்தாறு வயது, உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. உட்காரக் கற்றுக்கொடுத்தது நான். அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை, கேட்கத்தான் முடியும். நாளைக்கே லீவு போட்டு கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடு. கழுத்துக் கருப்பு எல்லோருக்கும் சுகராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை என்று அந்த டாக்டரும் சொன்னாள், உனக்கு ஒன்றும் இல்லாமலே இருக்கலாம், அந்தப் பழனி ஆண்டவன் அப்படியே செய்யட்டும். ஆனால் பார்க்காமல் இருந்துவிடாதே. நான் இருந்துவிட்டேன்.

லோஷினிக்குச் செய்த சத்தியத்தை இத்தனை நாள் தள்ளிப்போட்டு வந்தவள், உன் கழுத்தைப் பார்த்த மறுநாள், திங்கட்கிழமை, நானும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். தாள் தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நேற்றே போன் வந்துவிட்டது. நான் இன்னும் போகவில்லை. காலையில் கிளினிக் வாசல் வரைக்கும் போய் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன், லோஷினிக்கு இது தெரியாது. வீம்பு என்று நினைக்காதே, பயம். பாம்பு கிடக்கும் தோட்டத்தில் இருட்டில் தனியாக நடந்தவள் ஒரு தாளுக்குப் பயப்படுகிறேன். அதனால் ஒன்று சொல்கிறேன் கேள். நீ உன் தாளை வாங்குகிற அன்றைக்கு எனக்குப் போன் செய், நானும் அதே நேரத்தில் போய் என் தாளை வாங்குகிறேன். ஓகேமா என்று சொல்லாதே, நம்பரைச் சொல். நான் என் நம்பரைச் சொல்கிறேன். எவ்வளவு இருந்தாலும் நான் கத்தமாட்டேன், அழமாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். லோஷினி உனக்கு ஒரு செய்தியும் இல்லை என்கிறாள், ஆனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கடைத்தெரு வரைக்கும் நடந்தே போகலாம் என்று இப்போதே வாசலில் வந்து நிற்கிறாள். கைகால் சுகத்தோடு, கண் தெளிவோடு, நான் பார்க்காத வயது வரைக்கும் நீ நடமாடி வாழ வேண்டும் என் ராசா. மறந்துவிடாதே, வெறும் வயிற்றில் போக வேண்டும், முதல் நாள் பத்து மணிக்குமேல் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாயில் வைக்கக்கூடாது, மைலோவும் கூடாது.

உன் போனுக்காகக் காத்திருக்கும்
அம்மா பஞ்சாலை